விலை இருப்பது இணைப்புமுனையில்

மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் நெருங்கும் நாட்களில் வீதியோரம் முளைக்கும் தற்காலிகக் கடைகளில் வளையல், விளையாட்டுச் சாமான்களோடு போன் சார்ஜரும் கேபிளும் இயர்போனும் ரிமோட்டும் குவிந்திருக்கும். அங்கே சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் கேபிளுக்கு நகரத்தில் திருகோணமலை வீதிக் கடையொன்றில் ஆயிரத்துக்கு மேல் கேட்பார்கள். அதே நீளக் கேபிள் போன் கொம்பனியின் முத்திரையோடு கொழும்புக் காட்சியறையில் இருந்தால் விலை பல ஆயிரம். மூன்றும் ஒரு மீற்றர்தான். மூன்றும் ஒரே துளைக்குள் செருகப்படுகின்றன, மூன்றிலும் போன் சார்ஜ் ஏறுகிறது. அரிசியிலோ சீமெந்திலோ இப்படி ஒரு விலை இடைவெளி வந்தால் ஊரே கேள்வி கேட்கும். சார்ஜர் என்றதும் பேசாமல் வாங்கிக்கொண்டு போகிறோம்.

இந்த இடைவெளிக்கு மக்கள் இரண்டு விளக்கம் சொல்வதுண்டு. பெரிய கொம்பனிகள் கொள்ளையடிக்கின்றன என்பது ஒன்று. மலிவானதெல்லாம் குப்பை என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே விலையைப் பொருளுக்குள் தேடுகின்றன. மாற்று உதிரிப்பாகங்களின் விலை பெரும்பாலும் அந்தப் பாகம் கருவியோடு பொருந்தும் இடத்தில், அதாவது இணைப்புமுனையில், தீர்மானமாகிறது. அந்த முனை யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதாகத் திறந்திருந்தால் விலை விழுகிறது. ஒருவர் கையில் பூட்டப்பட்டிருந்தால் செலவுக்குச் சம்பந்தமே இல்லாத உயரத்துக்கு ஏறுகிறது. மட்டக்களப்பு போன்ற ஓர் ஊருக்கு இந்த இரண்டு சந்தைகளின் கெடுதலும் சேர்ந்தே வந்து சேர்கிறது.

முதலில் உண்மையான செலவைப் பார்ப்போம். சார்ஜரின் வேலை 230 வோல்ற் மின்சாரத்தை 5 வோல்ற்றாக இறக்குவது. அதற்குள் உயர் மின்னழுத்தப் பக்கமும் நாம் தொடும் பக்கமும் ஒரே சிறிய பலகையில் அருகருகே இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி, மின்மாற்றிச் சுருளில் பல அடுக்குக் காப்பு, பாதுகாப்புச் சான்று பெற்ற கொள்ளளவி, ஓர் உருகி ஆகியவை வேண்டும். இவற்றை நீக்கினாலும் சார்ஜர் வேலை செய்யும். நீக்கியது வெளியில் தெரியாது. ஒரு நாள் காப்பு உடையும்போதுதான், போனைக் காதில் வைத்திருப்பவரின் உடம்பு வழியாக 230 வோல்ற் நிலத்துக்கு இறங்கும்போதுதான் தெரியும். 2016 இல் அமெரிக்காவின் யூ.எல். என்ற பாதுகாப்புப் பரிசோதனை நிறுவனம் அப்பிள் பெயரில் விற்கப்பட்ட 400 போலி சார்ஜர்களைச் சோதித்தது. தேறியவை மூன்று. பன்னிரண்டு சார்ஜர்கள் உயிரைப் பறிக்கும் மின்னதிர்ச்சி தரக்கூடிய அளவுக்கு மோசமாகச் செய்யப்பட்டிருந்தன.

கேபிளின் கதை இதைவிட எளிமையானது. செப்பு குறையக் குறைய விலை குறையும், தடை கூடும். போகவும் வரவும் சேர்த்து 0.2 ஓம் தடையுள்ள ஒரு கேபிளில் 2 அம்பியர் ஓடினால் 0.4 வோல்ற் வழியிலேயே தொலைந்துபோகும். 5 வோல்ற் கொடுத்த இடத்தில் போனுக்குக் கிடைப்பது 4.6. போன் அதை உணர்ந்து மெதுவாகச் சார்ஜ் எடுக்கும். வீட்டுக்காரர் பற்றரி பழுது என்று நினைப்பார். பவர் பாங்கில் ஏமாற்று இன்னும் வெளிப்படையானது. 10,000 மில்லியம்பியர் மணி என்று பெட்டியில் இருப்பது உள்ளே உள்ள கலத்தின் 3.7 வோல்ற்றுக்கான கணக்கு. அது 5 வோல்ற்றாக வெளியே வரும்போது 7,400 ஆகும். மாற்றும் வழியில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் 6,000 சொச்சம். நேர்மையான கொம்பனியின் பொருளிலேயே நிலை இதுதான். நேர்மையற்றவை 18650 வகைக் கலத்தின் மேல் 9,900 என்று அச்சடிக்கின்றன. நல்ல தயாரிப்பாளர்களின் அதே அளவுக் கலங்கள் 3,500 அளவில்தான் நிற்கின்றன.

ஆகவே கூடிய விலை கொடுப்பவர் உண்மையான ஒன்றைப் பெறுகிறார், ஓர் எல்லை வரைக்கும். அந்த எல்லை எங்கே என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. விலை முழுவதும் பாதுகாப்புக்காகத்தான் என்றால், அதே சோதனைகளில் தேறிய வேறொரு கொம்பனியின் சார்ஜரும் ஏறக்குறைய அதே விலைக்கு விற்க வேண்டும். அப்படி விற்பதில்லை. இந்த இடைவெளியைக் கண்டு தொழில் தொடங்கியவர் ஸ்டீவன் யாங். கூகிளில் பொறியியலாளராக இருந்த அவர் 2011 இல் சீனாவில் ஆங்கர் என்ற கொம்பனியைத் தொடங்கினார். முதலில் விற்றது மடிக்கணினிக்கான மாற்றுப் பற்றரிகள். ஒரிஜினல் தாங்க முடியாத விலை, மலிவானது நம்ப முடியாத தரம், நடுவில் ஒன்றுமே இல்லை என்பதே அவர் கண்ட சந்தை. அந்த வெற்றிடத்தில் ஒரு பெரிய கொம்பனி வளர முடிந்தது என்றால், ஒரிஜினலின் விலையில் செலவைத் தாண்டிய பங்கு எவ்வளவு பெரியது என்று ஊகிக்கலாம்.

இனி இணைப்புமுனைக்கு வருவோம். ரீவி ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய சில்லு, ஓர் அகச்சிவப்பு விளக்கு, றப்பர் பொத்தான்கள், பிளாஸ்ரிக் கூடு ஆகியவைதான் அதில் உண்டு. பெரும்பாலான ரிமோட்டுகள் 38 கிலோஹேர்ட்ஸ் அளவில் துடிக்கும் ஒளியில் சில இலக்கங்களை அனுப்புகின்றன. அந்த இலக்கங்களை எவரும் படித்தெடுக்கலாம், எந்தத் தொழிற்சாலையும் திருப்பி அனுப்பலாம். அதனால்தான் ஏறக்குறைய எந்த ரீவிக்கும் ஒரு கொப்பி ரிமோட் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் புதிய ஸ்மார்ட் ரீவிகளில் குரலால் இயங்கும் புளூடூத் ரிமோட் வருகிறது. அது ரீவியோடு சோடி சேர வேண்டும். அதே பிளாஸ்ரிக், அதே றப்பர்தான். பூட்டு ஒன்று வந்ததும் விலை பல மடங்காகிவிட்டது.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம் நொக்கியாவின் பிஎல்-5சி பற்றரி. ஒரு காலத்தில் நம் ஊரில் பாதிப் பேரின் போனுக்குள் இருந்தது. 2007 ஓகஸ்ற்றில் நொக்கியா, மற்சுஷிற்றா நிறுவனம் 2005 டிசெம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்த 4 கோடி 60 இலட்சம் பிஎல்-5சி பற்றரிகள் சூடேறலாம் என்று அறிவித்து மாற்றிக் கொடுக்க முன்வந்தது. அவ்வளவு எண்ணிக்கையில் புழங்கிய பற்றரி என்பதால் அதன் அளவும் முனைகளும் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் மனப்பாடமாகின. பழைய நொக்கியா கைப்பேசிகள் மறைந்த பிறகும் சீனத்து வானொலிகளும் சிறிய ஸ்பீக்கர்களும் மலிவு போன்களும் அதே பற்றரியைக் கேட்டு வடிவமைக்கப்பட்டன. இன்றும் எந்தப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கிறது, மலிவாகவே கிடைக்கிறது. எந்த அரசும் அதைத் தரமாக அறிவிக்கவில்லை. முனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

பூட்டிய முனைகளில் மிகத் தெளிவானது டெல் மடிக்கணினியின் சார்ஜர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் இதை அனுபவத்தில் அறிவார்கள். சார்ஜரின் நடுவில் ஊசிபோல ஒரு மெல்லிய முனை இருக்கும். மின்சாரம் அதன் வழியாகப் போவதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சிறு அடையாளச் சில்லு அதன் வழியாகத் தன்னை யாரென்று சொல்கிறது. அந்தப் பதில் வராவிட்டால் கணினி இயங்கும், பற்றரி சார்ஜ் ஆகாது. இந்தச் சில்லால் ஒரு பயன் உண்டு: எத்தனை வாட் சார்ஜர் என்று கணினி அறிந்துகொள்கிறது. ஆனால் ஊசி வளைந்தாலோ அந்த ஒரு மெல்லிய கம்பி அறுந்தாலோ, மின்சாரத்தை ஒழுங்காகத் தரும் முழுச் சார்ஜரும் குப்பைக்குப் போகிறது. அப்பிள் 2012 செப்டெம்பரில் ஐபோன் 5 உடன் கொண்டுவந்த லைட்னிங் முனையும் இதே வகை. கேபிளின் தலைக்குள் ஓர் அத்தாட்சிச் சில்லு. அனுமதி பெற்ற தயாரிப்பாளர்களே அதை வாங்க முடியும். அது இல்லாத கேபிளைப் போன் எச்சரித்து ஒதுக்கும். பதினொரு வருடம், 2023 இல் ஐபோன் 15 வரும் வரை, அந்தச் சில்லுக்கான கட்டணத்தை உலகமெங்கும் கேபிள் வாங்கியவர்கள் கட்டினார்கள்.

பாகங்களின் விலை முழுப்பொருளின் விலையைத் தாண்டுவதும் நடக்கும். அப்பிளின் ஏர்பொட்ஸ் 2016 டிசெம்பரில் 159 டொலருக்கு வந்தது. தொலைந்தால் ஓர் இயர்பட் 69 டொலர். மற்றக் காதுக்கும் 69. சார்ஜ் பெட்டிக்கும் 69. மூன்றையும் தனித்தனியே வாங்கினால் 207 டொலர். இதற்கு நியாயமான காரணம் ஓரளவு உண்டு. தனிப்பாகத்தைச் சேமித்து வைப்பது, எந்த ஊரில் எப்போது கேட்பார்கள் என்று தெரியாமல் வருடக்கணக்கில் இருப்பு வைப்பது, ஒன்றொன்றாக அனுப்புவது எல்லாம் செலவுதான். ஒரு கொள்கலன் நிறைய வரும் பொருளுக்கும் உறையில் தனியே வரும் பொருளுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு காதை இழந்தவருக்கு வேறு கொம்பனியின் காது பொருந்தாது என்பதே விலையை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது.

கருவியை மலிவாகக் கொடுத்து உதிரியில் உழைப்பது என்ற தந்திரத்துக்கு எல்லோரும் சொல்லும் ஆதி உதாரணம் ஜில்லெட். சவரக்கருவியை ஏறக்குறைய இனாமாகக் கொடுத்து பிளேட்டில் சம்பாதித்தார் என்பது கதை. சிக்காகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரண்டல் பிக்கர் 2010 இல் பழைய விலைகளைத் தோண்டிப் பார்த்தபோது கதை தலைகீழாக இருந்தது. 1904 இல் காப்புரிமை பெற்ற ஜில்லெட் தன் கருவியை 5 டொலருக்கு விற்றார். அன்றைக்கு அது பெரிய காசு. காப்புரிமை இருந்த காலம் முழுக்க விலையை அவர் இறக்கவில்லை. 1921 இல் அது காலாவதியாகி யாரும் அதே கருவியைச் செய்யலாம் என்றான பிறகே பழைய மாதிரி 1 டொலருக்கு வந்தது. கருவியும் பிளேட்டும் சேரும் இடம் சட்டப்படி பூட்டியிருந்தபோது இரண்டுக்குமே உயர்ந்த விலை இருந்தது. பூட்டு உடைந்த பிறகுதான் விலையில் தந்திரம் தேவைப்பட்டது. இந்த வரலாற்றைப் பாடப்புத்தகங்கள் இன்னும் தவறாகவே சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. மலிவான கருவிக்காக நாம் உதிரியில் ஈடுகட்டுகிறோம் என்ற சமாதானம் அந்தத் தவறிலிருந்துதான் வருகிறது. போனையும் மலிவாகத் தராமல் சார்ஜரையும் மலிவாகத் தராமல் இருப்பது முற்றிலும் சாத்தியம். 2020 ஒக்ரோபரில் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரே காணாமல் போனது.

போட்டி இருந்தால் இது தானாகச் சரியாகிவிடாதா? 1992 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் கொடாக் கொம்பனி இதைத்தான் வாதிட்டது. எங்கள் நகல் இயந்திரங்களுக்குச் சந்தையில் கடும் போட்டி இருக்கிறது, உதிரிக்கு அதிக விலை கேட்டால் மக்கள் வேறு இயந்திரம் வாங்கிவிடுவார்கள் என்றது. நீதிமன்றத்தின் பெரும்பான்மை இதை அப்படியே ஏற்க மறுத்தது. வாங்கும் அன்று வருங்கால உதிரிச் செலவை வாங்குபவர் அறிய முடிவதில்லை. வாங்கிய பிறகு மாறுவதற்குப் பெருஞ்செலவு. 2006 இல் பொருளியலாளர்கள் சேவியர் கபே, டேவிட் லைப்சன் இருவரும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். வாங்குபவர்களில் பலர் உதிரி விலையைக் கவனிக்காத சந்தையில், அந்த விலையை வெளிப்படுத்திப் போட்டியாளரை வீழ்த்த எந்தக் கொம்பனிக்கும் ஊக்கம் இருக்காது என்று காட்டினார்கள். வெளிப்படுத்தினால் விழிப்படைந்த வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டு, சலுகை விலைக் கருவியைப் போட்டிக் கடையில் வாங்கிக்கொண்டு உதிரியை வேறிடத்தில் தேடுவார். ஆகவே எல்லோரும் மௌனமாக இருப்பார்கள்.

இந்த மௌனத்தை மக்களே உடைத்த ஓர் இடம் உண்டு. அது நம் ஆசியாவிலேயே இருக்கிறது. மைக் குப்பியின் விலை தாங்காமல் இந்தோனேசியாவில் பிரிண்டர் வைத்திருந்தவர்கள் வெளியே மைத்தாங்கியைப் பொருத்தி மெல்லிய குழாய்களால் பிரிண்டருக்குள் மை விட்டார்கள். கொம்பனிகள் இதை விரும்பவில்லை. எப்சன் கொம்பனி 2010 இல் வேறு வழி எடுத்தது. அதே யோசனையைத் தானே செய்து, தாங்கி பொருத்திய பிரிண்டரை முதன்முதலில் இந்தோனேசியாவில் விற்பனைக்கு விட்டது. பிரிண்டரின் விலை ஏறியது, மையின் விலை விழுந்தது. மற்றக் கொம்பனிகளும் பின்தொடர்ந்தன. இன்று மட்டக்களப்பில் வினாத்தாள் அடிக்கும் ரியூசன் நிலையங்களிலும் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் பார்க்கிற மைத்தாங்கிப் பிரிண்டரின் வரலாறு இது. மாணவர்கள் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் காசு குறைந்திருப்பது கொம்பனியின் கருணையால் அல்ல.

இனி நம் தீவுக்குள் வருவோம். கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக இறங்கும் சாமான் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணித்து, காத்தான்குடி, மட்டக்களப்பு வியாபாரிகளின் கைமாறி, பார் வீதியில் உள்ள ஒரு சிறு கடைக்கு வருகிறது. சிறு கடைக்காரரால் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒன்று வைத்திருக்க முடியாது. ஓடக்கூடிய சாமானையே எடுப்பார். ஓடாத மாதிரிக்குரிய பற்றரியை வாடிக்கையாளருக்காகக் கொழும்பிலிருந்து தனியே எடுப்பித்துத் தந்தால் அந்தச் செலவும் அதே ஒரு பற்றரியின் தலையில்தான் விழும்.

அதற்கு மேல் நாணயமும் வரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பெறுமதி சேர் வரி 2022 மே வரை 8 வீதம், ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. அதற்கு முன்பே, 2021 செப்டெம்பரில், மத்திய வங்கி அத்தியாவசியமற்றவை என்று 600 க்கும் மேற்பட்ட பொருட்களைப் பட்டியலிட்டு இறக்குமதியாளர்கள் முழுத்தொகையையும் வங்கியில் வைப்பிட வேண்டும் என்றது. இவை நல்ல சாமானையே அதிகம் அடிக்கின்றன. வரி பெறுமதியின் வீதமாக வருவதால் காப்பும் உருகியும் உள்ள சார்ஜருக்கும் அவை இல்லாத சார்ஜருக்கும் இடையே இருந்த சில டொலர் வித்தியாசம் கடைக்கு வரும்போது ஆயிரக்கணக்கான ரூபாவாகிவிடுகிறது. நெருக்கடியில் குடும்பங்கள் எதைத் தெரிவு செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது பவர் பாங்கும் சார்ஜ் விளக்கும் ஆடம்பரமாக இருக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அவற்றின் வெளிச்சத்தில்தான் இருந்தார்கள்.

வாவியை ஒட்டிய ஊர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் சார்ஜர் முனையின் மெல்லிய பூச்சு சீக்கிரம் தேய்கிறது. ஈரத்தில் மின்னழுத்தம் நிற்கும் முனை அரிக்கப்படும். பாலமீன்மடுவிலோ நாவலடியிலோ இரவில் தோணியில் போனைக் கொண்டுபோகும் மீனவருக்குக் கேபிள் அடிக்கடி வாங்க வேண்டிய சாமான். ஒக்ரோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கி மலிவுச் சார்ஜர்களை எரித்துவிடும். ஆகவே ஒருவர் வருடத்துக்கு மூன்று மலிவுச் சார்ஜர் வாங்கினால் அதை அறியாமை என்று தள்ள முடியாது. கையில் ஒரு தடவையில் இருக்கும் காசு அவ்வளவுதான்.

கடையில் கேட்கும் முதற்கேள்வி ஒரிஜினலா கொப்பியா என்பது. இடையில் ஏ கிரேட் என்று ஒன்றும் உண்டு. இந்த மூன்று வகுப்புகளுக்கும் எந்த வரையறையும் இல்லை, எவரும் சோதித்துப் பார்த்ததும் இல்லை. பெரும்பாலான உதிரிகளுக்குக் கிடைப்பது செக்கிங் வொரண்டி. கடையில் செருகிப் பார்ப்போம், வேலை செய்தால் கொண்டுபோகலாம், வாசலைத் தாண்டினால் பொறுப்பில்லை. கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவருக்கும் மேலிருந்து அதே வொரண்டிதான் வருகிறது. 1970 இல் ஜோர்ஜ் அகெர்லொவ் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியது இங்கே அப்படியே நடக்கிறது. வாங்குபவரால் தரத்தைப் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்லதற்குரிய விலையை யாரும் கொடுக்கத் துணிவதில்லை. நல்லதை விற்பவர் மெல்ல ஒதுங்குகிறார். எஞ்சுவது மோசமானதும், முத்திரையின் பலத்தில் நிற்கும் மிக விலையுயர்ந்ததும். திறந்த முனை விலையை இறக்கியது. ஆனால் தரத்தைச் சொல்லும் ஒருவரும் இல்லாததால் அந்த நன்மையின் பாதி எரிந்துபோகிறது.

வாசலைக் காப்பவர் விலையைத் தீர்மானிப்பார் என்பது வடக்குக் கிழக்கு மக்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விடயமல்ல. 1990 களின் பொருளாதாரத் தடையில் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டவற்றில் சாதாரண டோர்ச் பற்றரியும் ஒன்று. கிடைத்த ஓரிரண்டு வாய்க்கு வந்த விலைக்கு விற்றன. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். இங்கே வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போகும் துறைகளிலும் சோதனைச்சாவடிகளிலும் சாமான்களுக்குக் கட்டுப்பாடு இருந்த வருடங்களை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பற்றரியைச் செய்யும் செலவு அந்த வருடங்களில் ஏறவில்லை. அது கடக்க வேண்டிய வாசல் மாறியிருந்தது. அந்தத் தடையின் கொடுமையையும் ஒரு கொம்பனியின் சில்லையும் நான் சமப்படுத்தவில்லை. விலை பிறக்கும் இடம் ஒன்றுதான்.

வாசல்களைச் சட்டத்தால் திறக்க முடியும் என்பதற்கு இப்போது போதுமான சான்று இருக்கிறது. சீனா 2006 இறுதியில் கைப்பேசி சார்ஜர்களுக்கு யூ.எஸ்.பி. அடிப்படையிலான பொதுத்தரத்தைக் கொண்டுவந்தது. 2009 இல் ஐரோப்பிய ஆணைக்குழு பெரிய தயாரிப்பாளர்களிடம் தாமாக இணங்கும் உடன்பாடு ஒன்றைப் பெற்றது. தாமாக இணங்குவதில் எப்போதும் ஒரு பொந்து இருக்கும், லைட்னிங் அதன் வழியாகத்தான் பிழைத்தது. பின்னர் 2022 இல் சட்டமே வந்தது. 2024 டிசெம்பர் 28 முதல் ஐரோப்பாவில் விற்கும் போன்களுக்கும் கமராக்களுக்கும் இயர்போன்களுக்கும் டைப்-சி கட்டாயம். பயன்படுத்தாமல் வீசப்படும் சார்ஜர்கள் வருடத்துக்கு 11,000 தொன் என்று அந்த ஆணைக்குழு கணக்கிட்டிருந்தது. 2027 பெப்ரவரி 18 முதல் கருவிகளின் பற்றரியைப் பயனாளரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதியும் வருகிறது. இந்தியாவில் 2014 ஓகஸ்ற்றில் போட்டி ஆணைக்குழு 14 கார்க் கொம்பனிகளுக்கு ஏறக்குறைய 2,544 கோடி இந்திய ரூபா தண்டம் விதித்தது. உதிரிகளை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்து, சிலவற்றை நூறு வீதத்திலிருந்து ஐயாயிரம் வீதம் வரை ஏற்றி விற்றார்கள் என்பது அதன் முடிவு. வழக்குகள் மேன்முறையீட்டில் நீண்டன. ஆனாலும் உதிரிச் சந்தையைத் தனிச் சந்தையாகப் பார்க்க வேண்டும் என்ற நியாயம் நம் பக்கத்து நாட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

பூட்டு இடம்மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று அநேகமாக எல்லா அண்ட்ரொயிட் போனிலும் டைப்-சி துளை இருக்கிறது. ஆனால் பல கொம்பனிகளின் வேக சார்ஜ் அவர்களுடைய சார்ஜரோடும் கேபிளோடும் மட்டுமே முழு வேகத்தில் பேசும். பெட்டியில் 33 வாட் என்று எழுதிய போன் வேறு நல்ல சார்ஜரில் 10 வாட்டுக்கு இறங்கிவிடலாம். துளை பொதுவானது, பேசும் மொழி தனியார் சொத்து. ஐரோப்பியச் சட்டம் 15 வாட்டுக்கு மேற்பட்ட கருவிகள் யூ.எஸ்.பி. பவர் டெலிவரி என்ற பொது முறையையும் ஏற்க வேண்டும் என்றது இதனால்தான். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலம் 2024 இல் இன்னும் ஒரு படி போனது. உதிரியைத் தொடர் இலக்கத்தால் கருவியோடு பிணைத்து, மாற்றியதும் வேலை செய்யாமல் தடுக்கும் முறையையே புதிய கருவிகளில் தடைசெய்தது.

இலங்கை மிகச் சிறிய சந்தை. தனக்கென ஒரு முனையை அது வடிவமைக்கத் தேவையில்லை. பெரிய சந்தைகள் திறக்க வைத்ததை இங்கே இறக்குமதி நிபந்தனையாக ஏற்றாலே போதும். சுவர்ச் சொருகிகளில் உருண்டை முனையை விலக்கி 13 அம்பியர் சதுரமுனையைத் தேசியத் தரமாக்கும் முடிவை நாடு ஏற்கனவே எடுத்திருக்கிறது. சுவரில் எடுத்த முடிவைச் சார்ஜரின் மறுமுனைக்கும் நீட்டலாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பொருட்களில் என்ன எழுதப்பட வேண்டும் என்று பணிக்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. சார்ஜரில் உண்மையான வாட், ஏற்கும் வேக முறை, இறக்குமதியாளர் பெயர், பாதுகாப்புச் சோதனை இலக்கம் ஆகிய நான்கும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்று பணித்தால் போதும். வரியிலும் ஒரு மாற்றம் வேண்டும். சான்று பெற்ற சார்ஜருக்கும் பற்றரிக்கும் வரியைக் குறைத்தால், நல்லதும் கெட்டதும் கடை மேசைக்கு வரும்போது இப்போதுள்ள அளவு விலகி நிற்காது. விலைக் கட்டுப்பாட்டை நான் கேட்கவில்லை. உச்ச விலை நிர்ணயித்தால் செப்பும் காப்பும்தான் முதலில் குறையும்.

இந்த மாற்றங்கள் வரும்வரை செய்யக்கூடியது சிறிதுதான், ஆனாலும் செய்யுங்கள். புதிய போனோ ரீவியோ மடிக்கணினியோ வாங்கும் அன்றே அதன் சார்ஜர், பற்றரி, ரிமோட் தனியே என்ன விலை, மட்டக்களப்பில் கிடைக்குமா என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொல்ல வேண்டிய நிலை வருவது அந்த ஒரு நாளில் மட்டும்தான். சார்ஜர் வாங்கும்போது வாட் அளவையும் ஒரிஜினல் என்று சொன்னதையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். எழுதிய சீட்டு இருந்தால் பொய்யான பொருளைப் பற்றி முறைப்பாடு செய்யலாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1977.